காந்தமும் காகித ரயில் நிலையமும்

அட்டை மாதிரிக் கழகத்தில் எல்லாருக்கும் அவள் காந்தம்தான். சொந்தப் பெயர் பதிவேட்டில் இருந்தது. அதைத் திறந்து பார்க்கும் அவசியம் யாருக்கும் வரவில்லை.

பட்டப்பெயருக்குக் காரணம் அவள் கைப்பையில் கிடந்த பழைய ஸ்பீக்கர் காந்தம். அட்டையில் கப்பலும் பாலமும் கோபுரமும் செய்கிற இருபத்தைந்து பேர், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு நூலகத்தின் மாடியில் கூடுவார்கள். யாராவது தன் புது மாதிரியை மேசையில் வைத்து "முழுக்க முழுக்கக் காகிதம்" என்று சொல்லிவிட்டால் போதும். அவள் எழுந்து போவாள். ஒரு வார்த்தை பேசாமல் காந்தத்தை அதன்மேல் ஒரு சுற்று காட்டுவாள். உள்ளே கம்பியோ குண்டூசியோ ஒளிந்திருந்தால், பாவம், கப்பலே எம்பி வந்து ஒட்டிக்கொள்ளும். கப்பல்காரர் அடுத்த இரண்டு கூட்டத்துக்குத் தலைகாட்ட மாட்டார்.

அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. அட்டைப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் மாதிரிப் பெட்டி வெட்டுகிற வேலை, இருபத்தாறு வருடமாக. காலையில் யாரோ ஒரு பாட்டிலையோ விளக்கையோ கொடுத்து அனுப்புவார்கள். மாலைக்குள் அது ஆடாமல் அசையாமல் உட்கார ஒரு பெட்டி தயாராக வேண்டும். அட்டையின் முகம் வழவழப்பாக இருக்கும், முதுகு சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும். முகத்தில் பென்சில் பட்டால் அழுக்கு. அதனால் அவள் எதையும் முதுகில்தான் வரைவாள். வலது இடதாக, இடது வலதாக, கண்ணாடியில் தெரிகிற மாதிரி மாற்றி வரைவாள். வெட்டித் திருப்பினால் எல்லாம் தன் பக்கத்துக்கு வந்துவிடும். இதைச் சாப்பாட்டு நேரத்தில் அவள் விளக்கி விளக்கி வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம்.

கழகத்தில் அவளுக்குப் பொருத்தமான எதிரி டெய்லர். தையல் கடை வைத்திருக்கிறவர். ஜன்னலுக்கு பிளாஸ்டிக், கைப்பிடிக்குக் கம்பி, பாய்மரக் கயிற்றுக்கு நூல், புல்வெளிக்குத் துண்டுத் துணி என்று கிடைத்ததையெல்லாம் ஒட்டுவார்.

"இரும்பை இரும்பாலயே காட்றதுக்கு நீங்க எதுக்கு டெய்லரே? கடையில இரும்பு கிடைக்கும்ல?" என்பாள் காந்தம்.

"கயிறு வேணும்னா நூல் இருக்கு. அதுக்கும் காகிதத்தைத் திரிச்சுட்டு உக்காந்தா உன் கப்பல் எந்தக் காலத்துல கிளம்புறது?"

"ஒரே பொருள்ல எல்லாத்தையும் நம்ப வைக்கணும். அதுலதான் கை தெரியும்."

"உன் கை தெரியுது தாயே. கப்பல்தான் தெரியல."

இந்தச் சண்டை ஒன்பது வருடமாக நடந்துகொண்டிருந்தது. யாரும் ஜெயிக்கவில்லை, யாருக்கும் ஜெயிக்கிற அவசரமும் இல்லை.

அவசரம் வேறு பக்கத்திலிருந்து வந்தது.

காந்தம் குடியிருப்பது மாடியில். கீழே அவள் அண்ணனும் அண்ணியும். அண்ணன் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த பிளாட்பாரத்துக்கு வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்கிற குரல் இருபத்திரண்டு வருடமாக அவருடையது. வீட்டிலும் அதே குரல்தான். "மதிய உணவு இன்னும் சில நிமிடங்களில் மேசைக்கு வந்து சேரும்" என்று அண்ணி தட்டோடு வரும்போதே அறிவிப்பார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, நரம்பு பழுதாகி, போன வருடக் கடைசியில் அவருக்குப் பார்வை முழுதாகப் போய்விட்டது. ஆறு மாதம் விடுப்பில் இருந்தார். வேலைக்குப் பார்வை கட்டாயமில்லை. வண்டி விவரத்தைக் கன்ட்ரோல் ரூமிலிருந்து காதில் சொல்வார்கள், அவர் மைக்கில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பழைய நிலையமாக இருந்தால் தடுக்கி விழாமல் போய் உட்கார்ந்திருப்பார். ஆனால் பழைய நிலையத்தை இடித்துவிட்டார்கள். புதிய கட்டடம் இன்னும் பதினைந்து நாளில் திறப்பு. அறிவிப்பு அறை இப்போது மேம்பாலத்தைத் தாண்டி, நாலாவது பிளாட்பாரத்தின் கோடியில்.

நிலைய அதிகாரி ஒரு பெண்மணி. கறாரானவர், கெட்டவர் இல்லை.

"எனக்கு உங்க குரல் வேணும் சார்," என்றார் தொலைபேசியில். "ஆனா நீங்க தண்டவாளத்துல விழுந்தீங்கன்னா என் தலைதான் உருளும். திறப்புக்கு முன்னால திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வாங்க. வாசல்லேர்ந்து சீட் வரைக்கும் தனியா, பதினஞ்சு நிமிஷத்துல. வந்துட்டா சீட் உங்களுது. இல்லேன்னா மருத்துவ ஓய்வுக்கு எழுதணும்."

"நான் கைபிடிச்சுக் கூட்டிட்டு வந்துடறேனே மேடம்," என்று அண்ணி நடுவில் புகுந்தாள்.

"தினமும் ஷிஃப்ட் முடியிற வரைக்கும் கூடவே நிப்பீங்களாம்மா?"

அண்ணி நிற்பாள்தான். அவர்தான் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்.

முன்கூட்டியே நடந்து பழகவும் வழியில்லை. கட்டட வேலை நடக்கிற இடத்தில் பார்வை இல்லாதவரை விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வரைபடத்தின் நகலை மட்டும் அதிகாரி கொடுத்தார். அதை வாங்கி விரித்துப் பார்த்த காந்தம், "நான் இதைச் செஞ்சு தரேன் அண்ணா. நீ விரலால நடந்து பழகிக்கோ" என்றாள்.

எட்டு நாள். ஒரு மதிய இடைவேளையில் அனுமதி வாங்கிப் போய் டேப் பிடித்து அளந்து வந்தாள். நூறில் ஒரு பங்கு அளவு. பக்கவாட்டு வாசல், நீளக் கூடம், மேம்பாலத்துக்கு ஏறும் படிக்கட்டு, பாலம், மறுபக்கம் இறங்கும் படிக்கட்டு, பிளாட்பாரம், அறிவிப்பு அறை. அண்ணியின் சாப்பாட்டு மேசையில் முக்கால்வாசியை ரயில் நிலையம் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு படியையும் தனித்தனியாக மடித்தாள். கைப்பிடிக் கம்பிகளுக்குக் காகிதத்தை ஊசியில் சுற்றிச் சுற்றிப் பசை வைத்து உருவினாள். வெட்டிய விளிம்பில் வெள்ளை தெரிவது அவளுக்கு அவமானம். எல்லா விளிம்புக்கும் வண்ணம். கண்ணாடிக் கதவுக்கு நீலச் சாம்பல் பூசி, குறுக்கே ஒரு வெள்ளைக் கீற்று. ஒளி பட்டு மின்னுகிற மாதிரியே இருந்தது. பார்த்துவிட்டு அண்ணி, "அடியே, கதவைத் திறக்கலாம் போலிருக்கே!" என்றாள்.

அண்ணனை நாற்காலியில் உட்கார வைத்து, அவர் கையை வாசலில் வைத்தாள்.

பத்து நொடிகூட ஆகவில்லை. சரக் என்று ஒரு சத்தம். மேம்பாலக் கைப்பிடி நசுங்கிவிட்டது.

"அய்யோ, எதையோ மிதிச்சுட்டேனா?"

"பரவாயில்லை. மெதுவாப் போ."

விரல்கள் கூடத்தைத் தாண்டின, முட்டின, திரும்பின, மறுபடி முட்டின. அவர் முகம் சுருங்கியது. "இது என்ன?"

"சுவர்."

"இது?"

"கதவு அண்ணா."

"இது?"

"பிளாட்பார ஓரம். அதுக்கு அந்தப் பக்கம் தண்டவாளம்."

"பாப்பா," என்றார். ஐம்பத்தொரு வயதிலும் அவருக்கு அவள் பாப்பாதான். "சுவரும் உன் அட்டை, கதவும் உன் அட்டை, தண்டவாளமும் உன் அட்டை. கதவுன்னு நினைச்சுத் தண்டவாளத்துல இறங்கிடுவேன் போலிருக்கே."

"அந்தக் கதவைப் பாரு, அப்படியே கண்ணாடி மாதிரி ஒரு கீத்து..."

சொல்லும்போதே நிறுத்திக்கொண்டாள். அண்ணி சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நல்லா வந்திருக்கும்னு நம்புறேன்," என்றார் அண்ணன், சிரிக்காமல்.

மாடிக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த வெள்ளைக் கீற்றுக்கு மட்டும் ஒரு முழு மாலை. விளிம்பு வண்ணத்துக்கு இரண்டு. யாருக்காக? அடுத்த மாதம் கழகத்தின் கண்காட்சி. விண்ணப்பத்தை நாலாம் நாளே நிரப்பி வைத்துவிட்டாள்: ரயில் நிலையம், காகிதம் மட்டும். அண்ணனுக்காகச் செய்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, மண்டபத்தில் வந்து நிற்கப்போகிறவர்களின் கண்ணுக்குச் செய்திருக்கிறாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. அண்ணன்கூடக் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் மதிய இடைவேளையில் டெய்லர் கடை வாசலில் போய் நின்றாள்.

"காந்தம் வருது, ஊசியெல்லாம் எடுத்து உள்ள வைங்க!" என்று காலி கடையைப் பார்த்துக் கத்தினார் டெய்லர். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். மெஷினை நிறுத்தினார்.

அவள் விஷயத்தைச் சொன்னாள். ஒன்பது வருடச் சண்டைக்குப் பழிதீர்த்துக்கொள்ள அதைவிட நல்ல வாய்ப்பு அவருக்குக் கிடைத்திருக்காது. அவர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இழுத்து அவள் முன்னால் தள்ளினார். கம்பி, உப்புத்தாள், சட்டைக் காலருக்குள் வைக்கும் பிளாஸ்டிக், வெல்வெட், கொக்கிகள், அறுந்த ஜிப்கள், பித்தளைப் பொத்தான்கள்.

"எவ்வளவு எடுக்கலாம்?"

"டப்பாவோட எடு. திருப்பிக் கொடுக்கும்போது உன் காந்தத்தை வச்சு எண்ணிக் கொடு."

அவள் எப்போதும் எதையும் அரைகுறையாகச் செய்பவள் அல்ல. இரண்டு மாலையில் நிலையத்தையே உரித்துப் போட்டு மறுபடி உடுத்தினாள். சுவருக்கு ஒரு துணி, கூடத் தரைக்கு வேறொன்று, இருக்கைகளுக்கு வெல்வெட், தூண்களுக்குக் கம்பி, விளக்குகளுக்குப் பொத்தான். பத்தொன்பது வகைப் பொருள்.

அண்ணன் தொட்டார். முதலில் சந்தோஷமாகத்தான் தொட்டார். பாதிப் பாலத்தில் கையை எடுத்துவிட்டார்.

"இது ரயில் நிலையமா, உன் டெய்லரோட குப்பைக்கூடையா?"

"எல்லாத்துக்கும் வித்தியாசம் வேணும்னு நீதானே சொன்னே!"

"சொன்னேன். இப்ப எங்க தொட்டாலும் ஏதோ ஒண்ணு கத்துது பாப்பா. நான் மைக்ல ஒரு வண்டியைச் சொல்லிட்டு ஏன் நிறுத்துறேன்? நடுவுல அமைதி இருந்தாத்தான் அடுத்தது காதுல விழும். எல்லா வண்டியையும் மூச்சுவிடாமச் சொன்னா ஒருத்தனும் வீடு போய்ச் சேரமாட்டான்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சரி. எங்கெல்லாம் சத்தம் வேணும்? சொல்லு."

இருவரும் மேசையில் குனிந்தார்கள். நிற்க வேண்டிய இடம், திரும்ப வேண்டிய இடம், பிடிக்க வேண்டிய இடம், போகவே கூடாத இடம். அங்கே மட்டும் வேறு பொருள். படிக்கட்டின் அடியிலும் உச்சியிலும் உப்புத்தாள். பிடித்துப் போகும் கைப்பிடிக்குக் கம்பி. கண்ணாடிக் கதவுக்குக் காலர் பிளாஸ்டிக், அதன் பிடிக்கு ஒரு ரவிக்கைக் கொக்கி. பிளாட்பார ஓரம் முழுக்க ஜிப்பின் பல் வரிசை. அதைத் தொட்டதும் அண்ணன் விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "கடிக்குது. நல்லது. கடிக்கட்டும்."

மிச்சமெல்லாம் வெறும் அட்டை. வழவழவென்று, எதுவும் சொல்லாமல். இருபத்தாறு வருடமாகக் காகிதத்தை எல்லாமாகவும் பேச வைத்தவளுக்கு, அது சும்மா இருப்பதற்கும் ஒரு வேலை உண்டு என்பது புதிதாக இருந்தது. விண்ணப்பத்தை எடுத்துக் கிழித்துக் குப்பையில் போட்டாள். இந்த நிலையம் எந்த மண்டபத்துக்கும் போகப்போவதில்லை.

ஏறும் படிக்கட்டு மட்டும் உரித்த உரிப்பில் கிழிந்துபோயிருந்தது. சனிக்கிழமை காலையில் அதை மட்டும் புதிதாக வெட்டினாள். எப்போதும்போல அட்டையின் முதுகில், மாற்றித்தான் வரைந்தாள். ஆனால் முகத்தின் வழவழப்பில், இறங்கும் படிக்கட்டில் பாடுபடுத்திய மாதிரியே, உப்புத்தாள் பசை பிடிக்காமல் நழுவியது. சொரசொரப்பான முதுகில் கப்பென்று பிடித்தது. அதையே மேல்பக்கமாக வைத்து ஒட்டிவிட்டாள். பென்சில் கோடு தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும். தொடுகிற கைக்குக் கோடு தெரியவா போகிறது? படிக்கட்டு அதன் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. அன்றும் மறுநாளும் அண்ணனின் விரல்கள் அந்த மேசையில் முப்பது நாற்பது தடவை வேலைக்குப் போய் வந்தன.

திங்கட்கிழமை அண்ணி வரவில்லை. "என்னால பாக்க முடியாது. நல்லபடியா முடிஞ்சா போன் பண்ணு, இல்லேன்னாலும் போன் பண்ணு" என்று சொல்லிவிட்டாள்.

நிலையத்தில் புது வண்ணத்தின் வாசனை. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நீங்க பத்தடி பின்னாலதான் வரணும்மா. ஒரு சத்தம் வரக்கூடாது. வந்தா அவர் தோத்த மாதிரி."

அண்ணன் கைத்தடியைத் தட்டிக்கொண்டு புறப்பட்டார். கூடத்தைச் சுவரோரமாகத் தாண்டினார். கூடம் முடிகிற இடத்தில் நின்றார், சரியாகத் திரும்பினார். அதிகாரியின் புருவம் உயர்ந்ததைக் காந்தம் பார்த்தாள். படிக்கட்டு வந்தது. அண்ணன் துளியும் தயங்காமல் அதன் வலப்பக்கத்துக்குப் போனார்.

தடி சுவரில் மோதியது.

காந்தம் படிக்கட்டை உற்றுப் பார்த்தாள். அந்தப் படிக்கட்டு இரண்டு வரிசை. இடப்பக்க வரிசையில் ஏறி, நடுத்தட்டில் திரும்பி, வலப்பக்க வரிசையில் மேலே போக வேண்டும். கண் முன்னால் படி இடப்பக்கத்தில்தான் தொடங்குகிறது. மேசையில்? மேசையில் பென்சில் கோடு மேலே தெரிந்தது. மாற்றி வரைந்ததைத் திருப்பாமல் ஒட்டியிருக்கிறாள். மொத்த அகலமும் நீளமும் ஒன்றே என்பதால் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. இருபத்தாறு வருடத்தில் தொழிற்சாலையில் ஒரு பெட்டிகூட இப்படி வெட்டியதில்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று அலட்சியமாக ஒட்டிய ஒரே துண்டு.

அண்ணன் சுவரைத் தடவிக்கொண்டே நின்றார். தடியால் இடப்பக்கம் துழாவினார். படி தட்டுப்பட்டது. அவர் ஏறவில்லை.

அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. அவர் யோசிக்கிறார். மொத்த மாதிரியும் இடம் வலம் மாறியிருக்கிறது என்று முடிவு செய்துவிட்டால்? மறுபக்கம் இறங்கியதும் இடது கைப்பக்கம் அறிவிப்பு அறை. அதை வலது என்று மாற்றிக்கொண்டால், எதிரே இருப்பது தடுப்பில்லாத பிளாட்பார முனை. அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். வாயைத் திறந்தால் வேலை போய்விடும். திறக்காவிட்டால்?

"மேடம்," என்றார் அண்ணன். "எனக்கு நானே பேசிக்கலாமா?"

"பேசலாம் சார். அவங்க பதில் சொல்லக் கூடாது."

"அவ சொல்லமாட்டா. இப்ப அவளுக்குப் பேச்சே வராது." அண்ணன் தொண்டையைச் செருமினார். குரல் மாறியது. காலிக் கூடம் முழுக்க அந்த ஒலிபெருக்கிக் குரல் நிறைந்தது. "பயணிகளின் கவனத்திற்கு. வலப்பக்கம் இருக்க வேண்டிய படிக்கட்டு இடப்பக்கத்தில் வந்து நிற்கிறது. அட்டையை முதுகில் வரைந்தவர்கள் திருப்பாமல் ஒட்டிவிட்டார்கள்." நிறுத்தினார். கட்டைவிரலை மற்ற விரல்களின் மேல் தேய்த்துப் பார்த்தார். பிறகு தன் சாதாரணக் குரலில், மெதுவாக, "இந்தப் படிக்கட்டு மட்டும்தான் கைக்குச் சொரசொரன்னு இருந்துச்சு. பாலம் வழவழ. அந்தப் பக்கத்துப் படியும் வழவழ. அதெல்லாம் முகம். இது மட்டும் முதுகு" என்றார்.

இடப்பக்கம் நகர்ந்து முதல் படியில் கால் வைத்தார்.

உள்ளே கம்பி இருக்கிறதா என்று ஊரார் மாதிரியையெல்லாம் சோதித்தவள் அவள். அட்டைக்குள்ளேயே இரண்டு பொருள் இருப்பதைக் கண்ணால் பார்த்துப் பார்த்து மறந்துபோயிருந்தாள். அவர் விரல் மறக்கவில்லை.

பாலம். மறுபக்கப் படி. கீழே இறங்கியதும் அண்ணன் இடப்பக்கம் திரும்பினார். காந்தம் அப்போதுதான் தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். அண்ணன் தடியால் கண்ணாடிக் கதவைத் தட்டிப் பார்த்து, பிடியைத் தேடிப் பிடித்து, திறந்து, நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார்.

"பன்னிரண்டரை நிமிஷம்," என்றார் அதிகாரி. "ஒரு நிமிஷம் பிரசங்கத்துல போச்சு." கையெழுத்துப் போட்ட தாளை மேசையில் வைத்துவிட்டு, காந்தத்தின் பக்கம் திரும்பி, "அந்தப் படிக்கட்டை மாத்திடுங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

"சாயங்காலமே மாத்திடறேன் மேடம்."

அன்று நிலையத்தில் ஒலிபெருக்கிச் சோதனை. அண்ணன் அங்கேயே இருந்துவிட்டார். காந்தம் அண்ணிக்குப் போன் செய்து, அழுத அண்ணியை அதட்டி, பாதி நாள் தாமதமாகத் தொழிற்சாலைக்குப் போனாள். இரண்டு மணிக்கு, அட்டையில் கத்தி வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"பாப்பா, உன் மாடல்ல கழிப்பறை எங்க வச்சிருக்கே?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். வாசல், கூடம், பாலம், பிளாட்பாரம், அறை. அவ்வளவுதான் அளந்தாள். வரைபடத்தில் எங்கோ இருந்தது. "வைக்கல அண்ணா. அது உன் வழியில இல்ல..."

"எல்லாருக்கும் அது வழியிலதான் இருக்கும்."

"அங்க யாரையாவது கேளேன்!"

"இங்க ஒரு ஈ காக்கா இல்ல. கன்ட்ரோல் ரூம்ல கேட்டேன், அவங்க இந்தக் கட்டடத்தையே இன்னும் பாக்கலையாம்."

"இரு, இரு. நகல் என் பையிலதான் இருக்கு." மேசைமேல் விரித்தாள். "கதவைத் திறந்து வெளிய வந்தா வலது கை. சுவரோடவே பதினோரு அடி வை. ரெண்டாவது கதவு. சாயங்காலம் வந்ததும் அதையும் செஞ்சு ஒட்டிடறேன். அந்தக் கதவுக்கு என்ன வைக்கட்டும், வெல்வெட்டா, பொத்தானா? கைக்கு உடனே தெரியணும்ல?"

"எதை வேணா வை தாயே," என்றார் அறிவிப்பாளர். "நான் கிளம்பிட்டேன்."